அகுஸ்தினார் அறிக்கை நூலில் பெற்றோரும் பதினாறாம் ஆண்டு மகனும்

வளரிளம் பருவத்து மக்களைப் பெற்றோர்க்கு ஆறுதலும் அறிவுரையும் கூறக் கிறித்துவ உலகம் பெரிதும் எடுத்தாளும் கதை ஒன்றுண்டு. வடஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் சிற்றூரில் வாழ்ந்த மோனிக்கா அம்மையாரின் கதை அது. நெறி தவறிய மகனுக்காகத் தாய் பல்லாண்டு அழுதார், அவ்வழுகை வீண்போகவில்லை, மகன் பெருஞ்சான்றோன் ஆனான். மறையுரைகளிலும் தாய்மார்க்கென எழுதப்பெறும் சிறு நூல்களிலும் அக்கதை இவ்வடிவிலேயே வழங்கி வருகின்றது. மகன் சொற்கேளாமையால் மனம் நொந்து வரும் தாயிடம், மோனிக்காவைப் போல் அழுது மன்றாடுக என்று கூறி அனுப்பிவிடுதல் எளிது. கேட்ட தாயும் ஒருவாறு தேறுவாள். ஆயின் இக்கதைக்கு முதன்மையான மூலம், அம்மகனே ஆயராக அமர்ந்தபின் ஏறத்தாழ கி.பி. 397க்கும் 401க்கும் இடையில் எழுதிய ‘அறிக்கை’ என்னும் நூலாகும். அதனை முதலிலிருந்து முறையாகப் படிப்பார்க்கு, மறையுரைகளில் காணும் மோனிக்காவினும் வேறானதொரு மோனிக்கா தோன்றுவார். குறையுடையவர், பதற்றமுடையவர், மகனது கல்விப் புகழில் தாமும் மயங்கியவர். அவ்வேறுபாடு பெற்றோர்க்கு ஆறுதல் தருவதா, ஆறுதலைப் பறிப்பதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

நூற்பெயர் பற்றி ஒரு சொல். இலத்தீன் மொழியில் இந்நூலுக்கு வழங்கும் பெயர், செய்த குற்றத்தை ஒப்புதல், இறைவன் புகழை எடுத்துரைத்தல் என்னும் இருபொருளும் ஒருங்கே பயப்பது. ‘பாவ அறிக்கை’ எனப் பெயர்த்தால் ஒரு பாதி மறைந்துவிடும். பதின்மூன்று பிரிவுகளைக் கொண்ட இந்நூலில் முதல் ஒன்பது பிரிவுகளே வாழ்க்கை வரலாறு கூறுவன. அவையும் இறைவனை நோக்கிப் பேசும் பேச்சாகவே அமைந்துள்ளன. படிப்பவராகிய நாம் அருகில் நின்று கேட்பவரே. இவ்வமைப்பை மறந்தால் ஆசிரியர் தம் பெற்றோரைப் பற்றிக் கூறுவன புறங்கூறுதல் போலத் தோன்றும். நினைவிற்கொண்டால், தம்மைப் பற்றிக் கூறுமிடத்தினும் பெற்றோரைப் பற்றிக் கூறுமிடத்து அவர் சொற்களை எத்துணை அளந்து இடுகின்றார் என்பது விளங்கும்.

நமது ஆய்வுக்கு நடுவிடம் இரண்டாம் பிரிவு. அகுஸ்தினார் பிறந்தது 354 நவம்பர் 13. அவரது பதினாறாம் ஆண்டே இரண்டாம் பிரிவின் காலம். அண்மையிலிருந்த மதௌராவில் இலக்கணமும் சொற்கலையும் கற்றுவந்த சிறுவன் ஊருக்குத் திரும்ப அழைக்கப்படுகின்றான். மேற்படிப்பிற்குக் கார்த்தேஜுக்கு அனுப்பத் தந்தை பொருள் திரட்டவேண்டும். பத்ரீசியுஸ் என்னும் அத்தந்தை ஊர்மன்றத்து உறுப்பினரேயன்றிச் செல்வர் அல்லர். தம் தகுதிக்கு மீறிய செலவை மகன் பொருட்டு மேற்கொண்டமைக்காக ஊரார் அவரைப் புகழ்ந்தனர். அவரினும் செல்வம் மிக்கார் பலர் தம் மக்களுக்கு அவ்வாறு செய்திலர். இதனை அகுஸ்தினார் மறைக்கவில்லை. ஆனால் அடுத்த தொடரிலேயே, மகன் எவ்வாறு ஒழுகுகின்றான் என்று அத்தந்தை கவலைப்பட்டதில்லை, நாவன்மை பெற்றால் போதும் என்றிருந்தார் என்கின்றார். இவ்விடத்தில் ஒரு சொல்விளையாட்டு உண்டு. நாவன்மை உடையவனைக் குறிக்கும் ‘திசெர்துஸ்’ என்னும் சொல்லையும், உழுவாரின்றிப் பாழ்பட்ட நிலத்தைக் குறிக்கும் ‘தெசெர்துஸ்’ என்னும் சொல்லையும் அருகருகே வைக்கின்றார். ஓர் எழுத்தே வேறுபாடு. சொற்கலை ஆசிரியராகப் பல்லாண்டு வாழ்ந்தவர், தந்தை தமக்கு ஆசையோடு வாங்கிக்கொடுத்த அக்கலையையே கொண்டு அத்தந்தையின் ஆசையை அளக்கின்றார். மகன் பெற்ற கல்வியின் பயனும் அதன் கசப்பும் இவ்வோர் அணியில் ஒருங்கே நிற்கின்றன.

மகனை அவையில் முதன்மை பெறச் செய்தலே தந்தை ஆற்றும் நன்றி என்னும் குறட்கருத்து நமக்கு நன்கு பழகியது. பத்ரீசியுஸ் அதனையே செய்ய முயன்றவர். அக்காலத்து அவை என்பது வழக்குமன்றமும் ஆட்சியாளர் கூடமுமே. சொற்கலையே அவற்றின் வாயில். ஆதலின் அவரைப் பழித்தல் எளிதன்று. வள்ளுவர் கூறும் முதன்மை அறிவொழுக்கங்களால் வருவது என்பது உரைகாரர் பலர்க்கும் உடன்பாடு. அவ்வறிவும் ஒழுக்கமும் வேறுவேறாகப் பிரிந்து, ஒன்றிற்குப் பொருள் செலவிட்டு மற்றொன்றை மறந்த தந்தையைப் பற்றிக் குறள் பேசவில்லை. அகுஸ்தினார் பேசுவது அவரைப் பற்றியே. இன்று நம் பல்கலைக்கழகங்களின் வாயிலில் மகனையோ மகளையோ கொண்டுவந்து நிறுத்தும் பெற்றோரைக் காணுந்தோறும் பத்ரீசியுஸ் நினைவிற்கு வருதல் தவிர்க்க இயலாதது. அவர்களும் தகுதிக்கு மீறிச் செலவிட்டே வருகின்றனர்.

அந்த ஆண்டு முழுவதும் சிறுவனுக்கு வேலை இல்லை, பள்ளியும் இல்லை. குளிப்பறையில் மகனது உடலில் பருவ மாற்றத்தைக் கண்ட தந்தை, பேரன் பிறப்பான் என்னும் மகிழ்ச்சியோடு அதனை மனைவியிடம் கூறுகின்றார். தாய் நடுங்குகின்றார். ஒரு வீட்டில், ஒரே செய்தி, ஒருவர்க்கு உவகையும் மற்றவர்க்கு அச்சமும் ஆகின்றது. வளரும் மகனை இடையில் வைத்துப் பெற்றோர் இருவர் இரு திசையில் நிற்பதனை இத்துணைச் சுருக்கமாகக் காட்டிய இடம் பழைய இலக்கியங்களில் அரிது எனலாம். பின்னர்த் தாய் மகனைத் தனியே அழைத்து எச்சரிக்கின்றார். தவறான உறவு வேண்டா, அதனினும் பிறன் மனைவியை அணுகவே வேண்டா என்பது அவர் சொல்லிய சாரம். மகனோ அதனைப் பெண்பேச்சு எனத் தள்ளினான். அதற்குப் பணிதல் நாணத்தக்கது என்று கருதினான். எழுதும் காலத்து அகுஸ்தினார், தாயின் வாய்வழி அன்று பேசியவர் இறைவனே என்றும், தாயை இகழ்ந்தபோது இறைவனையே இகழ்ந்ததாகவும் கூறுகின்றார். மறையுரையாளர் இவ்விடத்தோடு நின்றுவிடுவது வழக்கம்.

ஆனால் நூல் நிற்பதில்லை. இதனை அடுத்து வரும் பகுதியே நாம் மேற்கொண்ட வினாவிற்கு உயிரான பகுதி. எச்சரித்த அத்தாய், தாம் அஞ்சிய தீங்கிற்குத் தடையாக மகனுக்கு மணம் செய்துவைக்க முன்வரவில்லை. காரணம் என்ன? மனைவி என்னும் தளை மகனது நம்பிக்கைக்கு இடையூறாகும் என்று அஞ்சினார். அந்நம்பிக்கை மறுமை பற்றியதன்று, கல்வி பற்றியது என்று அகுஸ்தினார் தாமே பிரித்துக் காட்டுகின்றார். தந்தை இறைவனைப் பற்றி எண்ணாமல் மகனைப் பற்றி வீண் கனவு கண்டார். தாயோ அக்கல்வி இறைவனை அடையத் தடையாகாது, துணையும் ஆகலாம் என்று கருதினார். ஆக இருவரும் விரும்பியது ஒன்றே. மேலும், பாபிலோன் நகரின் நடுவிலிருந்து தாய் வெளியேறிவிட்டார் ஆயினும் அதன் புறஞ்சேரியில் மெல்ல நடந்துகொண்டிருந்தார் என்னும் கருத்துப்பட ஓர் உருவகமும் அமைக்கின்றார். தாயின் தூய்மையைப் போற்றி எழுதும் நூலில், தாயைப் பற்றிய இவ்வுருவகம் எவ்வளவு துணிவானது! நெறிமிக்க பெற்றோர், நெறியற்ற பெற்றோர் என இருவகையாகப் பிரித்து முன்னவர்க்குப் புகழும் பின்னவர்க்குப் பழியும் வழங்கும் அறிவுரை நூல்கள் இத்தகைய தொடரை எழுதமாட்டா. அச்சமும் ஆசையும் ஒரே நெஞ்சில் இருக்க, வாயினால் அச்சத்தைச் சொல்லி, செயலினால் ஆசையை வளர்த்தார் என்பதே மோனிக்காவைப் பற்றிய மகனது கணிப்பு. சிறுவர் வாயுரையினும் செயலையே விரைந்து கற்பர் என்று அவர் வெளிப்படையாகக் கூறவில்லை. கதையை அமைத்த முறையே அதனைக் கூறுகின்றது.

இதனை அடுத்து வருவது புகழ்பெற்ற பேரிக்காய்த் திருட்டு. தம் கொடிமுந்திரித் தோட்டத்தை அடுத்து நின்ற மரமொன்றை நள்ளிரவில் சிறுவர் கூட்டம் உலுக்கிக் காய்களைச் சுமந்து சென்று பன்றிகளுக்கு எறிந்தது. காய்கள் அழகும் சுவையும் உடையன அல்ல; அவற்றினும் நல்லன வீட்டில் இருந்தன. இத்துணைச் சிறு செயலுக்கு இரண்டாம் பிரிவில் பாதிக்கு மேற்பட்ட இடம் தரப்பட்டுள்ளமை அறிஞர் பலரையும் வியப்பித்துள்ளது. சிலர் நகைத்தும் உள்ளனர். ஏதேன் தோட்டத்துக் கனியின் நிழல் இதில் உண்டு என்பதும், ஊதாரி மகனின் உவமையில் வரும் பன்றிகள் இங்கும் வருகின்றன என்பதும் பலர் கூறியவை. நாம் கருத விரும்புவது வேறு. இத்திருட்டுப் பகுதி முழுவதிலும் பெற்றோர் இலர். நள்ளிரவு வரை தெருவில் விளையாடிய சிறுவனை எவரும் தேடியதாகவோ, மறுநாள் எங்கிருந்தாய் என்று வினவியதாகவோ செய்தி இல்லை. சற்று முன்னர்ப் பக்கந்தோறும் நின்ற தாயும் தந்தையும் ஈண்டு முற்றும் மறைகின்றனர். அவர்கள் இருந்த இடத்தில் தோழர் கூட்டம் வந்து அமர்கின்றது. தனியனாக இருந்தால் அதனைச் செய்திருக்கமாட்டேன் என்று அகுஸ்தினார் மீண்டும் மீண்டும் கூறுகின்றார். தோழர் தம் தீச்செயல்களைப் பெருமையாகப் பேசக் கேட்டு, அவர்க்குக் குறைந்தவன் எனப்படாதிருக்கச் செய்யாதவற்றையும் செய்ததாகக் கூறிக்கொண்டதும் இப்பருவத்தில்தான். களங்கமின்மை இழிவாகக் கருதப்படும் பருவம் அது என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

புறநானூற்றின் 86ஆம் பாட்டில், சிறிய வீட்டின் தூணைப் பற்றிக்கொண்டு நின்று, உன் மகன் எங்கே என வினவிய ஒருவர்க்கு, அவன் எங்குளன் என்பதை யான் அறியேன் என்று காவற்பெண்டு விடை கூறுகின்றாள். தன் வயிற்றைப் புலி கிடந்து சென்ற குகைக்கு ஒப்பிட்டு, அவன் போர்க்களத்தில் தோன்றுவான் என்கின்றாள். அறியாமை அங்கே பெருமிதம். மகன் செல்லும் இடம் குடியின் மரபு முன்னரே வகுத்த இடம் ஆதலின் அவன் எங்கிருப்பினும் தவறிய இடத்தில் இரான் என்னும் உறுதி அத்தாய்க்கு உண்டு. தகாஸ்தேயின் தாய்க்கு அவ்வுறுதி இல்லை. மகன் எங்குளன் என்பதை அறியாமை அவர்க்கு அச்சம். இரு தாயரையும் ஒப்பிட்டு ஒருவரை உயர்த்துதல் நம் கருத்தன்று. மரபு வழி வகுத்திருந்த காலத்துத் தாய்க்கும், பலவழிகள் திறந்து கிடந்த காலத்துத் தாய்க்கும் உள்ள இடைவெளியே இவ்வொப்பீட்டால் தெரிவது. நான்காம் நூற்றாண்டுக் கார்த்தேஜுக்குச் சென்ற மாணவன் எதனையும் நம்பலாம், எவ்வாறும் வாழலாம்.

பெற்றோரின் கண்டிப்பைப் பற்றி முதற்பிரிவு கூறுவதனையும் ஈண்டு இணைத்துக் காண்டல் வேண்டும். பள்ளியில் அடி வாங்காதிருக்கச் சிறுவன் இறைவனை வேண்டினான், வேண்டுதல் கேட்கப்படவில்லை, அவன் முதுகின் தழும்புகளைக் கண்டு, அவனுக்குத் தீங்கு நினையாத பெற்றோரும் நகைத்தனர். நாற்பது வயதைக் கடந்த ஆயர் அந்நகைப்பை மறக்கவில்லை. அன்றியும், தாய்மொழியாகிய இலத்தீனைச் செவிலியரின் கொஞ்சுமொழிக்கிடையே அச்சமின்றிக் கற்றதனையும், கிரேக்கத்தை அச்சுறுத்தலால் கற்க நேர்ந்து வெறுத்ததனையும் ஒப்பிட்டு, கற்றலுக்கு அச்சத்தினும் தன்விருப்பமான ஆர்வமே வலிமையுடையது என்னும் முடிவிற்கு வருகின்றார். ஆயின் உடனே, கட்டற்ற ஆர்வத்தைக் கண்டிப்புத் தடுத்து நெறிப்படுத்துவதும் இறைவன் ஏற்பாடே எனச் சேர்த்துக்கொள்கின்றார். இவ்விரண்டாம் தொடர் முதல் தொடரின் கூர்மையை மழுக்கிவிடுகின்றது என்பது நம் கருத்து. பட்டறிந்த சிறுவன் முதல் தொடரை எழுதினான். ஆயர் இரண்டாவதனை எழுதினார்.

இனி, மோனிக்காவின் கண்ணீர்க் கதைக்கு மூலமான மூன்றாம் பிரிவிற்கு வருவோம். தந்தை இறந்து ஈராண்டு ஆகிவிட்டது. அச்செய்தி வேறொன்றைக் கூறும் தொடரின் இடையே போகிற போக்கில் கூறப்படுவது பலர் கண்ட உண்மை. தாய் அனுப்பும் பொருளால் கற்கும் பத்தொன்பது வயது மகன் சிசெரோவின் நூலொன்றால் மெய்யறிவு வேட்கை கொள்கின்றான். ஆயின் மானிக்கேயர் என்னும் கூட்டத்தாரைச் சேர்கின்றான். தாய் அவனைத் தம் வீட்டிலும் உணவிலும் சேர்க்க மறுக்கின்றார். பின்னர் ஒரு கனவு. மரக்கோல் ஒன்றின்மேல் தாய் நிற்கின்றார், ஒளிவடிவான இளைஞன் ஒருவன் வந்து துயரத்தின் காரணம் வினவி, நீ நிற்கும் இடத்திலேயே அவனும் நிற்பான் என்னும் கருத்துப்படக் கூறுகின்றான், திரும்பிப் பார்க்கின்றார், மகனும் அக்கோலின்மேல் நிற்கின்றான். அளவுகோல், நெறி என்னும் இருபொருளும் இலத்தீன் சொல்லுக்கு உண்டு. தமிழிலும் கோல் என்பது அளப்பதற்கும் ஆகும், முறைசெய்தற்கும் ஆகும். கனவைக் கேட்ட மகன், நான் இருக்கும் இடத்திற்கு நீ வருவாய் என்பதே அதன் பொருள் எனத் திரித்துக் கூறினான். தாய் சிறிதும் தயங்காமல், அவன் இருக்கும் இடத்தில் நீ என்று கூறப்படவில்லை, நீ இருக்கும் இடத்தில் அவன் என்றே கூறப்பட்டது என்று மறுத்தார். கனவைவிட அம்மறுமொழியே தம்மை அசைத்தது என்கின்றார் அகுஸ்தினார். சொற்கலை பயின்ற மகனைச் சொல்லின் இடமாற்றத்தைக் கொண்டே தாய் மடக்கியது அவனுக்குப் புரிந்திருக்கும். கனவின் பின்னர்த் தாய் அவனை மீண்டும் வீட்டில் சேர்த்துக்கொண்டார். கருத்துமாறுபாடு தீரவில்லை, மகன் மானிக்கேயனாகவே ஒன்பது ஆண்டு இருந்தான். எனினும் ஒரே பந்தியில் உணவு நடந்தது. அறிவுரை நூல்கள் மேற்கோள் காட்ட மறந்த செயல் இது.

அடுத்து ஆயர் ஒருவர். அவர் பெயரை அகுஸ்தினார் கூறவில்லை. மகனோடு உரையாடி அவன் தவற்றை மறுக்குமாறு தாய் வேண்டுகின்றார், அவர் மறுக்கின்றார். அவன் இன்னும் கற்பிக்கத்தக்க நிலையில் இல்லை, புதுமையின் செருக்கில் உள்ளான், விட்டுவிடுக, அவனுக்காக மன்றாடுக, படித்துப் படித்துத் தானே தெளிவான் என்பது அவர் கூறிய கருத்து. தம்மையும் தம் தாய் சிறுவயதில் அக்கூட்டத்தாரிடமே ஒப்படைத்ததனையும், அவர்தம் நூல்களைப் பெரும்பாலும் படித்ததோடு படியெடுத்தும் வந்ததனையும், எவரும் வாதிடாமலேயே தாம் விலகியதனையும் எடுத்துச் சொல்கின்றார். தாய் விடவில்லை, அழுது மேலும் வற்புறுத்துகின்றார். சற்றே சலிப்புற்ற ஆயர், போய் வருக, இத்தகைய கண்ணீரின் மகன் அழிதல் கூடாதது என்று கூறி அனுப்புகின்றார். பல நூற்றாண்டுகளாக மறையுரைகளில் ஒலித்துவரும் மேற்கோள் இவ்விறுதித் தொடரே.

சலிப்பில் பிறந்த தொடரை மறைமொழியாக ஏற்றவர் மோனிக்கா. அதனை அகுஸ்தினாரும் மறுக்கவில்லை. ஆனால் திறனாய்வாளர் நோக்க வேண்டியது, அத்தொடர்க்கு முன் உள்ள நீண்ட பேச்சினையாகும். பெற்றோர்க்குப் பயன்படும் அறிவுரை முழுதும் அதில்தான் உள்ளது. இளைஞனோடு வாதிடும் காலமும் உண்டு, வாதிடாதிருக்கும் காலமும் உண்டு என்று பிரித்தறிந்தவர் அவர். தாயால் தவறான இடத்தில் விடப்பட்ட சிறுவனாகத் தாமே இருந்தவராதலின், அவரது மறுப்பில் அலட்சியம் இல்லை, பட்டறிவு உண்டு. முன்பகுதியை வெட்டி இறுதித் தொடரை மட்டும் வழங்குதல், மருந்தை விட்டு அதனைச் சுற்றிய தாளைக் கொடுப்பதனை ஒக்கும். கண்ணீர் வடித்தால் மகன் திருந்துவான் என்னும் வாய்பாட்டை ஏற்ற தாய், மகன் திருந்தாதபோது தன் கண்ணீர் போதவில்லை போலும் எனத் தன்னையே நோகத் தொடங்குவாள். அத்தீங்கு சிறிதன்று.

பாலைக்கலியின் 9ஆம் பாட்டினைத் தமிழறிஞர் ஈண்டு நினைவர். உடன்போக்குச் சென்ற மகளைத் தேடிச் சுரவழியில் வரும் செவிலி, முக்கோல் ஏந்திய அந்தணரை எதிர்ப்பட்டு வினவுகின்றாள். கண்டோம் என்னும் அவர், சந்தனம் பிறந்த மலைக்கும் முத்துப் பிறந்த நீருக்கும் இசை பிறந்த யாழுக்கும் பயன்படாது, கொள்வார்க்கே பயன்படும் எனக் காட்டி, நும் மகளும் அத்தகையளே, தேடாது மீள்க என்கின்றனர். அங்கும் துயருற்ற ஒருத்தி துறவியரிடம் உதவி வேண்டினாள்; அங்கும் கேட்ட உதவி மறுக்கப்பட்டு வேறொன்று தரப்பட்டது. வேறுபாடு யாதெனின், அந்தணர் மகளின் செயலை அறத்தின்பாற்பட்டது என்றே கூறித் தேற்றுகின்றனர். ஆயர் அவ்வாறு கூறவில்லை. மகன் தவறியே உள்ளான் என்பதில் அவர்க்கு ஐயமில்லை. ஆயினும் பின்தொடர வேண்டா என்கின்றார். தவறு என்றறிந்தும் பின்தொடராதிருத்தல் செவிலிக்கு வாய்த்த ஆறுதலைவிடக் கடினமானது. மோனிக்காவால் அது முழுதும் இயலவில்லை என்பதை ஐந்தாம் பிரிவு காட்டும். 383இல் மகன் உரோமைக்குப் புறப்படும்போது கடற்கரை வரை பின்வந்து பற்றிக்கொள்கின்றார். நண்பனை வழியனுப்பவே நிற்பதாகப் பொய்கூறிய மகன், தாய் சிப்பிரியானார் நினைவுக்கோயிலில் மன்றாடிக்கொண்டிருந்த இரவிலேயே கப்பலேறிவிட்டான். தாயரெல்லாம் மகனுடன் இருக்க விரும்புவரேனும் தம் தாய் பலரினும் மிக விரும்பினார் என்று அகுஸ்தினாரே எழுதியுள்ளார். இருபதாம் நூற்றாண்டில் உளப்பகுப்பாய்வு வழி இந்நூலைப் படித்தவர் இதனைப் புதிதாகக் கண்டுபிடித்தது போல எழுதியது மிகை.

ஒன்பதாம் பிரிவில் மோனிக்காவின் சொந்த இளமை வருகின்றது. அவரை வளர்த்தவள் முதிய பணிப்பெண். மோனிக்காவின் தந்தையையே குழந்தையாக முதுகில் சுமந்தவள். உணவு வேளையன்றி நீர்கூடப் பருகவிடாத கண்டிப்பினள். இன்று நீர் பருகும் பழக்கம் நாளை மதுவிற்குச் செல்லும் என்பது அவள் வாதம். அத்துணைக் காவலிருந்தும், மதுச்சாடியிலிருந்து முகந்துவர அனுப்பப்பட்ட சிறுமி நாளும் சிறிது சுவைத்துச் சுவைத்துக் கிண்ணம் நிறையக் குடிக்கும் பழக்கத்தை அடைந்தாள். அதனை நிறுத்தியது கண்டிப்பன்று. உடன்சென்ற இளம்பணிப்பெண் சினத்தில் குடிகாரி என்று இகழ்ந்த ஒரு சொல் தைத்தது, அன்றே விட்டாள். இகழ்ந்தவள் திருத்தும் நோக்கத்தோடு இகழவில்லை, புண்படுத்தவே இகழ்ந்தாள் என்றும் அகுஸ்தினார் குறிப்பிடுகின்றார். வளர்ப்பார் திட்டமிட்டுச் செய்வது தோற்பதும், எவரும் திட்டமிடாதது பயன்தருவதும் இந்நூல் முழுதும் ஊடுருவி நிற்கும் கருத்து. இறையருள் என்பது இதற்கு அவர் இட்ட பெயர். அப்பெயரை ஏற்பார்க்கும் ஏலார்க்கும் இந்நிகழ்ச்சி பொய்யாகாது.

இதுவரை மகனாக நின்ற அகுஸ்தினார் தாமே இளைஞன் ஒருவனின் தந்தையும் ஆவார் என்பதை இப்பொருள் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். மணமின்றி வாழ்ந்த துணைவியிடம், தமக்கு ஏறத்தாழப் பதினெட்டு வயதாயிருந்தபோது பிறந்தவன் அதெயோதாத்துஸ். இறைவன் தந்தவன் என்பது அப்பெயரின் பொருள். 386இல் மிலானை அடுத்த நாட்டுப்புறத்தில் தம் பிறந்தநாளை ஒட்டி நிகழ்ந்த உரையாடலை ‘இன்பவாழ்வு’ பற்றிய நூலாக அகுஸ்தினார் எழுதினார். இறைவனை உடையவன் யார் என்னும் வினாவிற்குக் கூடியிருந்தோர் விடை கூறுகின்றனர். அனைவரினும் இளையவனான அதெயோதாத்துஸ், தூய்மையற்ற ஆவி இல்லாதவனே இறைவனை உடையவன் என்கின்றான். அவ்விடையை மிகவும் பாராட்டியவர் பாட்டியாகிய மோனிக்கா. 389இல் தோன்றிய ‘ஆசிரியன்’ என்னும் நூலோ தந்தைக்கும் பதினாறு வயது மகனுக்கும் இடையே நிகழும் உரையாடலே. நாம் பேசுவது எதற்காக என்னும் எளிய வினாவில் தொடங்கி, சொற்கள் எதனையும் கற்பிப்பதில்லை, உள்ளிருந்து கற்பிப்பவனை நோக்கித் திருப்புவன மட்டுமே என்னும் முடிவிற்குச் செல்கின்றது. இடையில் அதுவரை பேசியவற்றைத் தொகுத்துரைக்குமாறு தந்தை பணிக்க, மகன் விரிவாகவும் வரிசை பிறழாமலும் தொகுக்கின்றான். நூலின் இறுதிப் பேச்சு மகனுடையது. அதில் மகன் கூறியனவாக வருவன அனைத்தும் அவன் கருத்துகளே என்று ‘அறிக்கை’யில் அகுஸ்தினார் இறைவனைச் சான்றாக்கி உறுதி கூறுகின்றார், அவ்வறிவு தம்மை அச்சுறுத்தியது என்றும் கூறுகின்றார். மகனுக்குச் சொற்கலை வாங்கிக்கொடுக்கத் தகுதிக்கு மீறிச் செலவிட்ட பத்ரீசியுஸின் மகன், தன் மகனோடு அமர்ந்து சொற்களின் ஆற்றல் எவ்வளவு சிறிது என்று ஆராய்கின்றான். அதே பதினாறு வயது. தகாஸ்தேயே அவ்வூரும். இவ்வொற்றுமையைப் பற்றி ஆசிரியர் ஒன்றும் கூறவில்லை.

கூறாது விட்டது அதுமட்டுமன்று. ஆறாம் பிரிவில், மகனுக்குத் தகுதியான மணத்தை மோனிக்கா பெரிதும் முயன்று பேசி முடிக்கின்றார். பதினாறாம் ஆண்டில் கல்விக்குத் தடையெனத் தள்ளிய மணம் இப்போது முப்பது வயதில் உயர்குடி வாழ்விற்கு வாயிலாக வருகின்றது. அதன் பொருட்டுப் பல்லாண்டு உடனுறைந்த துணைவி ஆப்பிரிக்காவிற்குத் திருப்பி அனுப்பப்படுகின்றாள். பெயரும் நமக்குத் தெரிவிக்கப்படவில்லை. மகனைத் தந்தையிடம் விட்டுச் சென்றாள். தம் நெஞ்சு கிழிந்து குருதி வடிந்ததாக அகுஸ்தினார் எழுதுகின்றார். அப்போது ஏறத்தாழப் பதின்மூன்று வயதினனாகிய சிறுவனின் நெஞ்சு என்ன ஆயிற்று என்பதற்கு நூல் முழுவதும் ஒரு சொல் இல்லை. தம் பதினாறாம் ஆண்டின் ஒவ்வோர் அசைவையும் அளந்த நுண்ணோக்கு, அருகிலிருந்த மகனது பதின்மூன்றாம் ஆண்டைக் காணவில்லை, அன்றிக் கண்டும் எழுதவில்லை. ‘அறிக்கை’யைப் போற்றுவார் இக்குறையை மறைத்தல் நேர்மையன்று. குற்றம் அனைத்தையும் ஒப்புதலே நோக்கமாகக் கொண்ட நூலில் இவ்வாய்மூடல் மிகப் பெரிதாகத் தோன்றுகின்றது.

387இல் திருமுழுக்குப் பெற்றபின் அனைவரும் ஆப்பிரிக்கா திரும்பும் வழியில் ஒஸ்தியாத் துறைமுகத்தில் மோனிக்கா நோயுற்று ஒன்பதாம் நாள் ஐம்பத்தாறாம் வயதில் இறந்தார். அவர் கல்லறைக் கல்வெட்டின் துண்டு ஒன்றினை 1945இல் ஒஸ்தியாவில் விளையாட்டுக் கம்பம் நட மண் தோண்டிய சிறுவர் இருவர் கண்டெடுத்தனர் என்பது இங்கு நினைக்கத்தக்கதோர் இனிய செய்தி. உயிர் பிரிந்தவுடன் அகுஸ்தினார் தாயின் கண்களை மூடி, பெருகிவந்த கண்ணீரை வலிந்து அடக்கினார். நற்பேற்றோடு இறந்தார்க்கு அழுதல் தகாது என்பது அங்கிருந்தோர் கருத்து. சிறுவன் அதெயோதாத்துஸ் மட்டும் வாய்விட்டுக் கதறினான். அனைவரும் அவனை அடக்கினர், அவனும் அடங்கினான். தம்முள் இருந்த சிறுபிள்ளைத்தன்மையும் அவ்விளைஞனின் குரல்வழி வெளிப்பட முயன்று அடக்கப்பட்டதாக அகுஸ்தினார் எழுதுகின்றார். ஆக அக்கதறலையும் அவர் தம் துயரத்தின் ஒரு பகுதியாகவே கேட்டார். அச்சிறுவன் கதறியது பாட்டிக்காக மட்டுமா, ஈராண்டுக்கு முன் கப்பலேறிய தாய்க்காகவுமா என்று அவர் வினவவில்லை. சில ஆண்டுகளில் அவனும் இறந்தான்.